ஒன்றரை வருடமாகத் துணி நாப்கின்: ஈகோ ஃபெம் எப்படி இருக்கிறது?

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வரும் அக்கா ஒருநாள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை வெறும் கையால் பிரித்தார், உள்ளே இருப்பது தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பச் சுருட்டி வைத்தார். அது நான் போட்டது. நாப்கினைத் தனியாகச் சுற்றி உலர் குப்பையில் போடச் சொல்லியிருந்தன 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், நானும் சுற்றித்தான் போட்டேன், ஆனால் மேலே ஒன்றும் எழுதாத பொட்டலத்தைத் தரம் பிரிக்கிறவர் பிரித்துத்தானே பார்க்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குறைந்த விலையில் நாப்கின் செய்ய கோவை அருணாச்சலம் முருகானந்தம் வழிகாட்டினார், அது பெரிய காரியம். அதற்குப் பிறகு சேருகிற குப்பையை யார் கையால் எடுப்பது என்பதுதான் நம் ஊர்களில் இன்னும் தீராமல் கிடக்கிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின் செய்கிற ஈகோ ஃபெம் 2010இல் ஆரோவில்லில் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தைக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு நாப்கின் விற்றால் இங்கே ஒரு பள்ளி மாணவிக்கு ஒன்று போய்ச் சேரும்படி ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து போய் பகலுக்கு ஐந்து, ராத்திரிக்கு இரண்டு வாங்கினேன். உள்ளே மெத்தென்று பருத்தித் துணி, அடியில் கசியாத ஒரு மெல்லிய அடுக்கு, இரண்டு பக்கமும் பட்டன். அந்த அடுக்கு செயற்கைப் பொருள், அதனால் துளி பிளாஸ்டிக்கூட இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் மாதம் பஸ்ஸில் உட்காரவே பயம். பகலில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இதுவரை கறை பட்டதில்லை. தொடையில் வருகிற அரிப்பு இரண்டாவது மாதமே நின்றுவிட்டது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. வெளியில் மாற்றினால் மடித்துப் பட்டன் போட்டுச் சின்னப் பையில் வைத்துக்கொள்கிறேன். துவைப்பதும் கஷ்டமில்லை, பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துச் சாதாரண சோப்பு போட்டால் போதும். வெந்நீர் மட்டும் வேண்டாம், கறை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

காயவைப்பதில்தான் சங்கடம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மழை தெரியுமே, இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது, அந்த மாதங்களுக்காகவே அப்புறம் இன்னும் மூன்று வாங்கினேன். வெயில் பட்டுக் காய்வதுதான் முக்கியம். அம்மா காலத்தில் பழைய புடவைத் துணியைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார்கள், வெயிலே படாது, வந்த தொல்லையில் பாதி அதனால்தான். நான் மொட்டை மாடிக் கொடியில் போடுகிறேன். "யாராவது பாக்கப் போறாங்கடி" என்று அத்தை முதலில் பதறினார். இப்போது மழை தூறினால் அவரே ஓடிப்போய் எடுத்து வருகிறார்.

ஒன்று 75 முறை துவைக்கத் தாங்கும் என்கிறார்கள். மாதம் இரண்டு முறை என்று வைத்தால் மூன்று வருடம், அதனால் மொத்தமாகப் போகிற பணம் அடுத்த வருடமே திரும்பிவிடும். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற வீட்டுக்கோ பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கிற பெண்ணுக்கோ இதை வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீரும் வெயிலும் இருக்கிறவர்கள் முதலில் இரண்டே இரண்டு வாங்கி, லீவு நாளில் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்.