பேருக்குச் சம்பளமா, செடிக்குப் பங்கா?

2023இல் இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இதே பேச்சுத்தான். குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்களாம். உரமும் மருந்தும் கம்பனி தந்து பிறகு கழித்துக்கொள்ளுமாம். பறிக்கிற கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசாம். விரும்பாதவர்கள் வழக்கம்போல் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய்ப் பேர் போட்டு நாட்சம்பளம் வாங்கலாம். அம்மாவுக்கு அப்போது 29 வருட சேவை. "நீதானே கணக்கு எழுதுற பிள்ளை, பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார். பக்கத்துக் காம்பரா அண்ணன் செடி எடுத்தார். நாங்கள் பேரிலேயே நின்றோம்.

ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை. நாட்சம்பளத்தை, அதிலும் அடிப்படைச் சம்பளத்தை, உயர்த்த வேண்டும் என்கிற கட்சி.

கம்பனிகளின் வாதம் எல்லோரும் கேட்டதுதான். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி, கொழும்பு ஏலத்தில் விலை அவர்கள் கையில் இல்லை, தெற்கே காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் கொழுந்து விற்றுத்தானே வாழ்கிறார்கள் என்பார்கள். சரி. ஆனால் அந்தச் சிறுதோட்டக்காரர் சொந்தக் காணியில் நிற்கிறார். இங்கே காணி அரசாங்கத்துடையது, 1992 தனியார்மயத்துக்குப் பிறகு நிர்வாகம் கம்பனியுடையது. அம்மா ஒரே வரியில் முடித்தார்: "செடி நம்மளுதாம் தம்பி, மலை அவங்களுது."

அண்ணனுக்கு நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவிந்தபோது அவரும் அண்ணியும் சேர்ந்து எங்கள் வீட்டை விட நன்றாகவே எடுத்தார்கள். கங்காணியின் அதட்டல் கிடையாது. பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு எட்டு மணிக்கு மலைக்குப் போகலாம். பெப்ரவரி வெயிலில் கதை மாறியது. பிறகு அவர் பங்கில் ஒரு பகுதிக்குக் கவ்வாத்து வந்தது. கவ்வாத்து வெட்டிய செடி மூன்று மாதம் போல மொட்டையாய் நிற்கும். பேரில் இருப்பவரை அந்த நாட்களில் வேறு மலைக்கு மாற்றிவிடுவார்கள், செடிக்காரர் தன் செடியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆனால் நான் முடிவெடுத்தது இதை வைத்து அல்ல, வேலையை விட்டு நிற்கும்போது கிடைக்கிற சேவைக்காலப் பணத்தை வைத்து.

நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கிடப்படும். ஊழியர் சேமலாப நிதி (EPF) அப்படி இல்லை. அந்தந்த மாதச் சம்பளத்தில் கம்பனி 12, தொழிலாளி 8 சதவீதம் போடுவதோடு சரி, பழைய மாதங்கள் பழைய சம்பளத்திலேயே கிடக்கும். சேவைக்காலப் பணத்திலோ இன்று அடிப்படைச் சம்பளம் கூடினால் 1994இல் அம்மா முதல் கூடை சுமந்த வருடத்துக்கும் சேர்த்துக் கூடும். 2023இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. 29 வருடத்துக்கு 406 நாள், 406,000 ரூபா. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. 2026இல் 1,550. இப்போது 32 வருடத்துக்கு 448 நாள், 694,400 ரூபா. சம்பளம் ஆயிரத்திலேயே நின்றிருந்தால் 448,000தான்.

செடிக்கு மாறினால் சேவை தொடருமா என்று அப்போது அலுவலகத்தில் கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். கடிதமாகத் தாருங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை.

இதனால்தான் சம்பளப் பேச்சில் மொத்தத் தொகையை நான் நம்புவதில்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தை 730 ரூபா என்று கொண்டாடினார்கள். அதில் அடிப்படை 500. மீதி 230 வருகைக்கு, உற்பத்திக்கு, விலைப் பங்குக்கு என்று பிரித்துக் கொடுத்தது. அந்த வருடம் 30 வருட சேவையோடு ஓய்வு பெற்றவருக்கு 420 நாள். 230ஆல் பெருக்கினால் 96,600 ரூபா, கையில் வராமலே போனது. இப்போதைய 1,750லும் அடிப்படை 1,550தான், 200 அரசாங்கம் தருகிற வருகைக் கொடுப்பனவு. வாங்குகிறோம், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கேட்க வேண்டியது அந்த 200ஐயும் அடிப்படையில் சேர்க்கச் சொல்லித்தான்.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. சம்பள நிர்ணய சபை ஒரு நாளுக்குத்தான் விலை வைக்கும். 2021இல் ஆயிரம் ரூபா வந்ததும் எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 18 கிலோவாக இருந்தது 20 ஆனது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள் 19ஐத் தாண்டாத நாளில் அம்மாவுக்கு விழுந்தது அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். மழையில் நனைந்த படங்கோடு வந்து, "ஆயிரம் வந்திருச்சு, பேருதான் வரல" என்றார். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ என்று எழுதிக் கட்டாமல் சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுப்பது சுலபம். மற்றத் தோட்டங்களில் எப்படி என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் பார்த்தது ஒரு தோட்டம், இரண்டு வீடு.

இந்தக் கணக்கைப் போன மாதம் அண்ணனுக்கும் போட்டுக் காட்டினேன். அவர் கொழும்பில் ஹோட்டல் வேலையை விட்டு வந்தவர், செடி எடுக்கும்போது சேவை ஆறு வருடம். 84 நாள், இன்றைய சம்பளத்தில் போட்டால்கூட 130,200 ரூபா. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாவுக்குச் சரி தம்பி. இதுக்காக நான் இன்னும் இருபத்தஞ்சு வருசம் நிரையில நிக்கணுமா?"

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.