31,000 கிலோமீட்டர் ஓடிய என் அலுமினிய சைக்கிள்

2018 ஏப்ரலில் 4,600 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், ஷிமானோ 105 ரகத்தில் பின்பக்கம் 11 கியர். முன்னால் கையூன்றிக் குனிந்து ஓட்ட ஒரு ஏரோ பார் மட்டும் தனியாக வாங்கி மாட்டினேன். லங்காவியில் இரண்டு முறை 70.3 டிரையத்லான் போட்டியை, அதாவது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், இதை வைத்துத்தான் முடித்தேன். டிரையத்லானுக்குப் புதிதாக வருகிறவர்கள் கார்பன் சைக்கிள் இல்லாமல் முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் பினாங்கு உப்புக்காற்றுக்கும் நம் வியர்வைக்கும் அலுமினியம் தப்பாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே ஜெலுத்தோங்கிலிருந்து கிளம்பிவிடுவேன். பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், அணைக்கட்டு, தித்தி கெராவாங் ஏற்றம், பாலிக் புலாவ், தெலுக் கும்பார் என்று தீவைச் சுற்றி வந்தால் சுமார் 70 கிலோமீட்டர். முன்பக்கப் பல்சக்கரங்கள் 50, 34 பல், பின்பக்கம் பெரியது 28 பல். அந்த ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து மிதித்து முழங்கால் கெட்டது. 32 பல் மாற்றிய பிறகு உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். மழையில் இறங்குவதுதான் பயம். ரிம் நனைந்துவிட்டால், பிரேக்கை அழுத்திச் சக்கரம் ஒரு சுற்று ஓடிய பிறகுதான் பிடிக்கும். இன்று வாங்குவதென்றால் டிஸ்க் பிரேக்தான் வாங்குவேன்.

செயின் எனக்கு 4,000 கிலோமீட்டர் வரை உழைக்கிறது. மழைக்காலத்தில் அவ்வளவும் வராது. அதுவும் அப்பாவின் கைப்பக்குவத்தால்தான். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க சைக்கிளில் வருவார். சாயங்காலம் பழைய பனியனைக் கிழித்து, மண்ணெண்ணெய் தொட்டு, செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைப்பார். துணியில் கறுப்பு வராமல் போகும்வரை விடமாட்டார். என்னோடு வந்து தங்கிய பிறகு என் சைக்கிளுக்கும் அதையே செய்தார். நான் மழையில் நனைந்து வந்தால், "நீ போய்க் குளிம்மா" என்று சைக்கிளை வாங்கிக்கொள்வார்.

வாங்கிய அடுத்த மாதம், மே 9, நாட்டின் பொதுத்தேர்தல். புதன்கிழமை. அப்பாவை ஓட்டுப் போட அழைத்துப் போனேன். விடிய விடிய முடிவு பார்த்தோம். 1957 முதல் ஆண்ட கூட்டணி முதல்முறையாகத் தோற்றது. மறுநாள் காலை அந்த மை விரலோடுதான் என் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

2020 மார்ச் 18 முதல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு. வெளியே ஓட முடியாது, நீந்த முடியாது. ஹாலில் டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், சைக்கிளைப் பூட்டி தினமும் ஒரு மணி நேரம் மிதித்தேன். பக்கத்து நாற்காலியில் அப்பா செய்தி பார்ப்பார். தேர்தலே இல்லாமல் ஆட்சி கைமாறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. "நாம போட்ட ஓட்டு எங்கம்மா போச்சு?" என்று ஒருநாள் கேட்டார். மூச்சு வாங்கியதால் பதில் சொல்லவில்லை என்றுதான் வைத்துக்கொண்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அந்த மாதங்களில் கொட்டிய வியர்வை ஹேண்டில்பாருக்குள் இறங்கியிருக்கிறது. 2021இல் அப்பா தவறிய பிறகு, ஒரு வருடம் கழித்துத்தான் ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பைப் பிரித்தேன். உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, பிரேக் வயர் ஓடும் இடத்தில் நகம் இறங்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்கும் துரு. இரண்டையும் மாற்ற 380 வெள்ளி ஆனது. ஓட்டும்போது பார் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிரெய்னரில் மிதிக்கிறவர்கள் பார்மேல் துண்டு போடுங்கள், வருடம் ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பாருங்கள். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்புறம், தீவின் தெற்கே பெர்மாத்தாங் டாமார் லாவுட் கரை. 2023 செப்டம்பரில் அங்கே செயற்கைத் தீவு அமைக்கக் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள். மூன்று தீவு என்றிருந்த திட்டத்தை ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் எதிர்த்து நின்ற மீனவர்களின் கடல் அது. வீடமைப்புக்காகத் தோட்டத்தை விற்றபோது அப்பாவுக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த மாநில அரசுக்கு ஓட்டுப் போட்டவள் நான். அதனால்தான் கேட்கிறேன்: பிடித்துச் சாப்பிட்டவனுக்கு நஷ்டஈடு கொடுத்தால் கடல் திரும்புமா? ஞாயிறு தோறும் அங்கே சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஃபிரேம் இன்னும் உறுதி. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் மட்டும் கிறீச்சிடுகிறது, அடுத்த மாதம் மாற்ற வேண்டும். விற்கும் எண்ணம் இல்லை. செயினுக்கு இப்போது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் நல்ல டிகிரீசர் வாங்கி வைத்திருக்கிறேன், துடைப்பது மட்டும் பழைய பனியனில்தான்.