டிரம்மில் ஒட்டியிருந்த படத்தை நம்பி ஏமாந்தேன்

புதுச்சேரியில் நாய்க்கு டிரை ஃபுட் லூஸில் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எங்கள் நாய்க்குட்டி கடலூர் சில்வர் பீச்சில் கிடைத்தது. நேராக நடக்கத் தெரியாமல் பக்கவாட்டில் போகும், அதனால் நண்டு என்று பெயர். நாலு மாதம் ஆகிறது. அம்மா சோறும் மீனும்தான் பிசைந்து வைப்பார். பகலில் வீட்டில் ஆள் இல்லாத நாட்களுக்காக டிரை ஃபுட் பழக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். கடலூரில் கேட்ட பாக்கெட் கிலோ 600 ரூபாய் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பாண்டி போனபோது ஒரு கடையில் அதே பிராண்ட் லூஸில் கிலோ 350. நீல டிரம், அதன் மேல் பப்பி (குட்டிகளுக்கான) பாக்கெட்டின் முன்பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். “அதே ஐட்டம்தான் மேடம், 20 கிலோ மூட்டையிலேர்ந்து பிரிச்சுப் போடறோம்” என்றார் கடைக்காரர். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி. குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் பார்வோவா (குட்டிகளின் உயிரையே எடுக்கும் வைரஸ் நோய்) என்று பார்த்தார்கள், நல்லவேளை இல்லை. டாக்டர் கவரைப் பிரித்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். காறிப்போன எண்ணெய் வாடை. டிரை ஃபுட் மேல் கொழுப்பு பூசியிருப்பார்கள், காற்றுப்பட்டால் அது கெட்டுப்போகும், நம் கடற்கரை ஈரக்காற்றில் திறந்த டிரம்மில் கிடந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். பிறகு என்னையும் ஒரு பிடி பிடித்தார். பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றியிருக்க வேண்டுமாம், நான் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையதுதான்.

ஆனால் மறுபடி கடைக்குப் போனபோதுதான் மற்றது தெரிந்தது. மூட்டையைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்க, விவரம் தெரியாத பையன் “இதாக்கா” என்று உள்ளேயிருந்து இழுத்து வந்துவிட்டான். மூட்டையில் ‘அடல்ட்’ என்று கொட்டை எழுத்து. காலாவதி தேதி இரண்டு மாதத்துக்கு முன்னால். டிரம்மில் அடியில் கிடந்த பழசோடு இதையும் கொட்டுவார்களாம். பிராண்டும் வேறு.

அந்த மூட்டையில் குரூட் புரோட்டீன், அதாவது மொத்தப் புரதம், 18 சதவீதம் என்று போட்டிருந்தது. வளர்ந்த நாய்க்கு அது போதும். குட்டிக்குப் போதாது. அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகோலில் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18. அந்தக் கணக்கு ஈரப்பதத்தை நீக்கிவிட்டுப் பார்ப்பது. பாக்கெட்டில் இருக்கும் எண்ணில் ஈரமும் சேர்ந்திருக்கும், டிரை ஃபுட்டில் அது 10 சதவீதம் அளவில். ஈரம் போக மீதி 90 சதவீதம், அதனால் 18-ஐ 0.9-ஆல் வகுத்தால் 20. அப்போதும் குட்டியின் அளவை எட்டவில்லை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய ஜாதிக் குட்டி வைத்திருப்பவர்கள் கால்சியத்தையும் பாருங்கள், கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். டாக்டர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று: பொருட்களின் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முன்பக்கம் முழுக்கக் கோழிப் படம் இருக்கும், திருப்பினால் மக்காச்சோளம் முதலில் நிற்கும்.

லூஸில் வாங்கினால் இதில் எதைப் பார்ப்பது? பாக்கெட் என்றால் தயாரிப்பாளர் முகவரி, எடை, தயாரித்த மாதம், எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வெள்ளைக் கவரில் என்ன இருக்கும், முடிச்சுதான்.

பணத்தைக் கேட்டேன். “பில் இருக்கா மேடம்?” என்றார். கொடுத்தால்தானே இருக்கும்! அப்புறம், “நீங்க ஒரே நாள்ல மாத்திட்டீங்க, அதான் ஒத்துக்கல” என்று என் தப்பையே எடுத்து என் மேல் போட்டார். கடைசியில் 700 ரூபாய்க்குப் பதிலாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். வாங்கவில்லை. ஜிபேயில் கட்டியதால் தேதியும் தொகையும் போனில் இருக்கின்றன, மூட்டையையும் போட்டோ எடுத்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. நீங்களும் அந்தப் பக்கம் வாங்கி ஏமாந்திருந்தால் பதியுங்கள், போனிலேயே முடிகிற வேலைதான்.

நண்டு இப்போது பழையபடி செருப்பைக் கடிக்கிறது. மூன்று நாள் சோறும் வேகவைத்த கோழியும்தான். இப்போது ஒரு கிலோ சீல் பாக்கெட் வாங்கி, நாளுக்கு ஒரு பிடியாகக் கலக்கிறோம். பழைய கவரில் ஒன்றரைக் கிலோ மிச்சம். தெருநாய்க்குப் போட்டுவிடலாமே என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மனசு வரவில்லை, புகாருக்கும் வேண்டும். இறுகக் கட்டி மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், அங்கேயும் வாடை வருகிறது.