மடுவத்துப் பெட்டிக்கு எந்த டோக்கன் சரி?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசோடு ஒரு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பெட்டியை இணைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அது இரவில் தானாகவே கோட் (நிரல்) சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்து புதிய கோடை இழுக்க வேண்டும், ஏதாவது பிழைத்தால் அங்கேயே ஒரு இஷ்யூவும் (பிழைக் குறிப்பு) திறக்க வேண்டும். கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்ட் கொடுப்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கோடை இழுக்க மட்டும் என்றால் ஒரே ரெப்போவை (கோட் இருக்கும் கிடங்கு) மட்டும் திறக்கும் டிப்ளாய் கீ போதும், ஆனால் அதால் இஷ்யூ திறக்க முடியாது. ஆக, பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரகசியக் குறியீடான டோக்கன்தான்.

கிளாசிக் டோக்கன் எடுக்கச் சுலபம், அதுதான் வில்லங்கமும். 'ரெப்போ' என்ற ஒரு கட்டத்தில் டிக் போட்டால் உங்கள் கணக்குக்கு எட்டும் பிரைவேட் ரெப்போ அத்தனையும் அதற்கும் எட்டும், உங்களால் எழுத முடிந்த இடத்தில் அதுவும் எழுதும். மடுவத்துச் சாவி கேட்டவனிடம் தோட்டத்துச் சாவிக்கொத்தையே நீட்டுவது போல. யாராவது டோக்கன் இருக்கும் எஸ்டி கார்டைக் கழற்றினால் முடிந்தது கதை.

2022 அக்டோபரில் வந்த ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கனில் ஒரே ரெப்போவைத் தேர்ந்து, கோடை வாசிக்க மட்டும், இஷ்யூ எழுத மட்டும் என்று கட்டிப்போடலாம். ஒரு குறை, அது ஆளின் பெயரில் இருக்கும். டோக்கனை எடுத்துக்கொடுத்த பொடியன் கொழும்பில் வேலை கிடைத்துப் போய், அவன் அனுமதியை நீங்கள் நீக்கிய அன்றே பெட்டியும் ஊமையாகிவிடும்.

கிட்ஹப்பில் நீங்கள் பதிவு செய்யும் ஆப்பின் பெயரில் வரும் கிட்ஹப் ஆப் டோக்கன் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும், ஆளின் பெயரிலும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வாங்க ஒரு பிரைவேட் கீ (ஆப்பின் ரகசியச் சாவி) வேண்டுமே, அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன லாபம்? அப்புறம் அந்தக் கீயால் கையெழுத்திடும் ஜேடபிள்யூடி (டோக்கன் கேட்கக் காட்டும் சீட்டு) பத்து நிமிடத்துக்கு மேல் செல்லாது. மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது, பேட்டரிக் கடிகாரம் இல்லாத பை 4 பழைய நேரத்தோடு எழும்பும், நேரம் சரியாகும் முன் ஸ்கிரிப்ட் ஓடினால் கிட்ஹப் கதவைச் சாத்தும். இன்டர்நெட் லைன் வந்து நேரம் ஒத்துப்போகும் வரை ஸ்கிரிப்டைக் காக்க வைக்க வேண்டும்.

மூன்று நாலு பெட்டிதான் என்றால் நான் ஃபைன்-கிரெய்ன்ட் பக்கம்: பெட்டிக்கு ஒரு டோக்கன், 90 நாள் காலாவதி. ஒன்று களவு போனால் அதை மட்டும் ரத்து செய்யலாம். தோட்டங்கள் கூடினால் ஆப்புக்கு மாறுங்கள், ஆனால் கீ உங்கள் சேர்வரில் இருக்கட்டும், பெட்டிக்கு அந்த ஒரு மணி நேர டோக்கன் மட்டும் போகட்டும்.