லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 'சர்வீஸ்' என்ற பெயரில் 23,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து தூக்கமில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 23,500 ரூபாய். பணம் போனால் மிளகு விற்றுச் சம்பாதித்துக்கொள்ளலாம். தாத்தாவின் துப்பாக்கியைக் கெடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இரண்டு தலைமுறையாக நடக்கும், முறையாக லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடை, அவ்வளவுதான். இந்த மாதிரி மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கீழ்ப்பழனி மலையில் தோட்டம். காப்பி, மிளகு, ஊடே மலைவாழை. தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய லைசென்ஸ், அப்பாவுக்கு அடுத்து இப்போது என் பெயரில் இருக்கிறது. துப்பாக்கி பன்னிரண்டு போர் ('போர்' என்பது குழல் துவாரத்தின் அளவு) இரட்டைக்குழல், பர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட். எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா வாங்கியது. உண்மையைச் சொன்னால் இன்றைக்குப் பன்றியை விரட்டப் பட்டாசே போதும். சுட நமக்கு அனுமதியும் கிடையாது. வருடத்துக்கு நாலைந்து தோட்டா, அதுவும் வானத்தைப் பார்த்து. "இதை வித்துட்டு ஒரு உள்நாட்டு ஒத்தக்குழல் வாங்கிப் போடுங்க, பராமரிப்பு கம்மி" என்று பக்கத்துத் தோட்டக்காரர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கேட்டதில்லை. எண்பதுகளின் நடுவிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். இது கையை விட்டுப் போனால் இன்னொன்று கிடைக்காது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லையென்றால் லைசென்ஸ் பெற்ற கடையில் வைத்து ரசீதைக் காட்டலாம். 2019இல் நான் ஸ்டேஷனில்தான் கொடுத்தேன். ஒரு சாக்கில் ஏழெட்டுத் துப்பாக்கிகளை விறகுக்கட்டு மாதிரிச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது குழலில் செம்புள்ளி. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. அதனால் 2024 மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்ததும், இந்தத் தடவை கடையில் வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். நாலு மணி நேர பஸ். வாடகை கொஞ்சம்தான், அது இந்தக் கணக்கில் சேராது.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். உறையைப் பிரித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். குழலைக் கழற்றி, டியூப்லைட்டை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதலில் வலது குழல், அப்புறம் இடது குழல் என்று பார்த்தார். தன் வேட்டி முனையால் துடைத்தார். "தம்பி, இது வெள்ளைக்காரன் கை வேலை. இதையெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா" என்றார். சுவரில் மாலை போட்ட தன் அப்பா படத்தைக் காட்டி, "உங்க தாத்தா தோட்டா வாங்க வர்றப்ப எங்கப்பாகிட்ட ஆரஞ்சுக் கூடை குடுத்துட்டுப் போவாராம்" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். தாத்தா ஆரஞ்சுக் கூடையோடு ஊர் சுற்றியது உண்மை. இவருக்குத்தான் கொடுத்தாரா என்று நான் யோசிக்கவே இல்லை. மலையிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் ஆரஞ்சு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"மூணு மாசம் சும்மாத்தானே கிடக்கப் போகுது. குழலுக்குக் கறுப்புப் போட்டு, பழைய ஸ்பிரிங் மாத்தி, மரக்கட்டைக்கு எண்ணெய் ஏத்தித் தந்துடறேன். நம்ம வீட்டுப் பொருள் மாதிரி." மொத்தம் 23,500. முன்பணம் 15,000 ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். டெபாசிட்டுக்கு முறையான ரசீது தந்தார், அதில் துப்பாக்கி நம்பர் எல்லாம் இருந்தது. சர்வீஸுக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு. அதில் 'பாலிஷ், ஜென்ரல்' என்று இரண்டே வார்த்தை. நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தாத்தாவின் பித்தளை டம்மி தோட்டா இரண்டையும் கூடவே கொடுத்தேன், விசையை அழுத்திப் பார்க்க வசதியாக இருக்குமே என்று. அது போனது போனதுதான்.

ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்து, நடத்தை விதிகளும் விலகின. போன் செய்தேன். "பட்டறையிலேர்ந்து வரல." ஒரு வாரம் கழித்து, "ஆள் ஊருக்குப் போயிருக்கான்." இன்னொரு வாரம் கழித்து கடைக்காரரின் மகன் எடுத்தான். "ரெடி சார், பேலன்ஸ் கொண்டாந்துடுங்க." போனேன். பார்த்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. முகம் தெரிகிறது அதில். மீதி 8,500 கொடுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக பஸ் ஏறினேன். முட்டாள்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் துடைப்பதற்காக எடுத்தேன். தாத்தா ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். குழலை மட்டும் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். குழல்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று சரியாக இருந்தால் கோயில் மணி மாதிரி நீளமாக ரீங்காரம் வரும். சின்ன வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டு. அன்றைக்குத் தட்டினேன். 'டப்' என்றது. விரிசல் விட்ட பானை. கூடவே உள்ளே எதுவோ ஆடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. மறுபடி தட்டினேன். அதே டப். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையின் ஓரமாக, முன்முனைப் பக்கம், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. துடைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி பூத்திருந்தது, இந்தத் தடவை ஓரத்தில் பழுப்பாகத் துருவும் சேர்ந்து. நகத்தை விட்டுப் பார்த்தால் பட்டைக்கும் குழலுக்கும் நடுவே நகம் நுழைகிறது.

என்ன நடந்தது என்று வேறொரு ஊரில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர், லைசென்ஸ் உள்ளவர், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இரட்டைக்குழலில் அந்தப் பட்டை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் ஒட்டியது. கறுப்புப் போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பழைய வழி: மருந்து தடவித் துரு ஏறவிட்டு, வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து, தேய்த்து, மறுபடி தடவி, இப்படிப் பல சுற்று. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இன்னொன்று, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் போட்ட தொட்டியில், 140 டிகிரிச் சூட்டில் முக்கி எடுப்பது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பளபளவென்று வரும். ஒற்றைக்குழலுக்கும் ரைஃபிளுக்கும் அது சரி. இரட்டைக்குழலை அதில் முக்கினால் காரம் பற்றைத் தின்றுவிடும். இடுக்கில் புகுந்த உப்பு வெளியே வராது, உள்ளேயே உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும். "இது தெரியாதவன் துப்பாக்கி வேலையே பாக்கக் கூடாதுங்க. தெரிஞ்சே செஞ்சிருந்தா அவன் மனுசனே இல்ல" என்றார் பெரியவர். இதில் இனிமேல் தோட்டா போடாதீர்கள் என்று தனியாக ஒரு தடவை சொன்னார். சரி பண்ண வேண்டுமென்றால் பட்டை முழுவதையும் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, புதிதாகப் பற்று வைத்து, அப்புறம் பழைய முறையில் கறுப்பு ஏற்ற வேண்டும். செலவு 23,500க்கு மேலே போகும். அவருக்குக் கை நடுங்குகிறது, செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

இனி கடைக்காரர்களின் பதில்களைக் கேளுங்கள். முதல் போனில் மகன்: "எண்ணெய் போடுங்க சார், சரியாயிடும்." இரண்டாவது போனில்: "மலையில ஈரம் சார், நாங்க என்ன பண்ண முடியும்." எழுபது வருடமாக அதே மலையில்தான் இருக்கிறது, அப்போதெல்லாம் பூக்காத உப்பு இப்போது எப்படிப் பூக்கும்? வாட்ஸ்அப்பில் ஒன்பது போட்டோவும், தட்டிக் காட்டிய வீடியோவும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதிலுக்கு ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

நேற்று நேரிலேயே போனேன். துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை, போட்டோக்களை மட்டும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அப்பா திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றான் மகன். சரி, காத்திருக்கிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் உள்ளறையிலிருந்து கடைக்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டே வருகிறார். திருச்செந்தூர் பின்கட்டில்தான் இருக்கிறது போல. போட்டோக்களை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டுல பாலிஷ்னுதானே போட்டிருக்கு, பாலிஷ் பண்ணியிருக்கோமா இல்லையா?" மார்ச்சில் 'தம்பி', நேற்று 'சார்'. தாத்தா, ஆரஞ்சுக் கூடை எதுவும் நினைவில் இல்லை. பணம் வேண்டாம், பட்டையையாவது ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "நீங்க கம்ப்ளெய்ன்ட்னு போனா, துப்பாக்கி சுடற நிலையில இல்லன்னு ஆயிடும் சார். அப்புறம் லைசென்ஸ் எதுக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேப்பாங்க. யோசிச்சுக்குங்க."

மிரட்டல்தான் இது. எனக்கு ஒரு நிமிடம் கை கால் ஓடவில்லை. நம்மிடம் இருக்கும் பயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மிக்ஸி கெட்டால் பத்துக் கடை ஏறலாம். துப்பாக்கியை லேத் பட்டறைக்கோ தெருமுனை வெல்டிங் கடைக்கோ கொண்டுபோக முடியாது, ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். நம் பக்கத்தில் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தோட்டாவுக்கும் அவரிடமே போக வேண்டும், அடுத்த தேர்தலுக்கும் அவரிடமே வைக்க வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் வீண் வம்பு எதற்கு என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறோம். வரும் வழியில் தெரிந்த ஒரு தோட்டக்காரருக்குப் போன் போட்டால், "அட, எனக்கும் 2021இல அங்கதான் கட்டைய மாத்திட்டாங்க, விடுங்க" என்கிறார். மூன்று வருடமாக இதை ஏன் ஐயா சொல்லவில்லை?

2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தபோது பல வீடுகளிலிருந்து மூன்றாவது துப்பாக்கி இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் போனது. அந்தக் கடைச் சுவரிலும் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவதாகத் தொங்கிய இங்கிலீஷ் இரட்டைக்குழலின் முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் நிறமே சேரவில்லை. நேற்றுதான் அது என் கண்ணில் பட்டது.

கடைசியில் விவரமாகச் சொல்கிறேன் என்றேன். தலை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெபாசிட் வைக்கும்போது டெபாசிட் மட்டும் வையுங்கள், சர்வீஸ் பேச்சே வேண்டாம். கொடுக்கும் முன் குழல், முன்கட்டை, அடிப்பாகம் மூன்றிலும் இருக்கும் நம்பரைப் போட்டோ எடுங்கள், பழைய இங்கிலீஷ் துப்பாக்கியில் மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கும். கறுப்புப் போடக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எந்த முறை என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், தொட்டி என்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்கும்போது கடையிலேயே கழற்றித் தட்டிப் பாருங்கள், அப்புறம் மீதிப் பணம். ரெக்ஸின் உறையில் போட்டு வைக்காதீர்கள், இது வேறு விஷயம், ஆனாலும் சொல்கிறேன்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் காலையிலேயே பேசிவிட்டேன். லைசென்ஸைப் பற்றிக் கேட்டால் கேட்கட்டும், துப்பாக்கி ஏன் சுடும் நிலையில் இல்லை என்று நானே சொல்கிறேன். 15,000 ஜிபேயில் போனதற்கு ஆதாரம் இருக்கிறது. 8,500 ரொக்கமாகக் கொடுத்தேன், அதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் கடையில் இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள், சீட்டு வைத்திருப்பவர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். மகன்தான் எடுத்தான். "அப்பா திருச்செந்தூர் போயிருக்கார் சார்."