பழைய லாரியும் பிஎஸ்-6 லாரியும்: நின்ற இடத்திலேயே எழுப்ப முடிவது எது?

போன தை மாதம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கடலூர் முதுநகரில் என்னிடம் இரண்டு லாரி ஓடுகின்றன. ஒன்று 2005 மாடல், ஆறு வீல், மெக்கானிக்கல் டீசல் பம்ப். இன்னொன்று 2021-ல் டியூ (மாதத் தவணை) போட்டு எடுத்த பிஎஸ்-6, அதாவது அரசின் ஆறாம் கட்டப் புகை விதிப்படி வந்த வண்டி. பழசு புகை தள்ள ஆரம்பித்திருந்தது, ஆயிலும் குடித்தது. வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டு இன்னொரு புது வண்டிக்கு முன்பணம் கட்டுவதா, இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதா என்று வீட்டில் ஒரு மாதம் பேசினோம். கடைசியில் இன்ஜினை இறக்கினோம். "இருபது வருஷ வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு வண்டியும் எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. பிஎஸ்-6 கட்டாயமான 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான டீசல் லாரி எதுவானாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

புதுசின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்குக் கூடுதலாக ஓடுகிறது. கேபினில் உட்கார்ந்தால் முதுகு வலிப்பதில்லை. லோடோடு ஈரமான ரோட்டில் பிரேக் போட்டால் ஏபிஎஸ் இருப்பதால் வால் திரும்புவதில்லை. பழசில் மழை நாளில் அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆயில் மாற்றும் இடைவெளி பழசைவிட மூன்று மடங்குக்கு மேல். புதுசை ஓட்டிப் பழகிய என் தம்பி மகன் பழசில் ஏறவே மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ரிப்பேர். ரிப்பேருக்கு ஆகும் ரூபாயைக்கூட நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். வண்டி நின்றால் எத்தனை நாள் நிற்கும், அதை எழுப்பும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் என் கணக்கு.

இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

சவுக்கு ஏற்றிக்கொண்டு கரூர் பக்கம் புகளூர் காகித ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பழைய வண்டி, நானும் கூடப் போயிருந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு வேப்பூர் தாண்டியதும் வண்டி விட்டு விட்டு இழுத்தது, அப்புறம் அணைந்தே போனது. டிரைவர் ஓரம் கட்டி, கேபினுக்குள் இன்ஜின் மூடியைத் தூக்கி, ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அழுத்தினார். டீசல் வரவில்லை, நுரை வந்தது. "ஏர் இழுக்குதுண்ணே" என்றார். டார்ச் அடித்து லைனைத் தடவிக்கொண்டே போனவர் கை, ஃபீட் பம்ப் பக்கத்து போல்ட்டில் நின்றது. அதிலிருந்த செம்பு வாஷர் இறுகிப்போய் உட்காரவில்லை. மாற்று வாஷர் கையில் இல்லை.

எதிரில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. டிரைவர் வாஷரைக் கம்பியில் கோத்து, கடைக்காரரிடம் கேட்டு அடுப்பில் பிடித்தார். செக்கச் சிவந்ததும் டம்ளர் தண்ணீரில் போட்டார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும். செம்பு அப்படியில்லை, இளகிவிடும். பிறகு கடை வாசல் கல்லில் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, துடைத்து, மாட்டி முடுக்கினார். நுரை நிற்கும் வரைக்கும் ஹேண்ட் பம்ப். செல்ஃப் போட்டதும் இரண்டு முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். விடிந்து ஆலை வாசலில் வரிசையில் நின்றோம்.

அடுத்தது புது வண்டி. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக் கோயம்பேட்டுக்குப் புறப்பட்டது. ஜூன் மாதம், பழம் எல்லாம் பதம். விழுப்புரம் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் நகர்கிறதே தவிர ஓடவில்லை. திண்டிவனம் வரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தான் வண்டி ஓட்டிய பையன். அங்கே இருந்த மெக்கானிக் நல்ல அனுபவஸ்தர். கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இன்ஜின் சத்தத்துல ஒரு குறையும் இல்ல. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம், நான் தொட்டா வாரண்டி போச்சும்பாங்க" என்று சொல்லிவிட்டார். வேறு வண்டி வரவழைத்துப் பழத்தை மாற்றி ஏற்றினோம். வாடகை எனக்கு, நஷ்டமும் எனக்கு.

சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டிப் பார்த்தார்கள். புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு அளவைப் பார்க்கும் நாக்ஸ் சென்சார் வேலை செய்யவில்லை. சென்சார் ஸ்டாக்கில் இல்லை, வர ஐந்து நாள். அவர்களிடம் நான் கோபப்பட ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். வண்டி ஏன் இழுக்கவில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. பிஎஸ்-6 விதிப்படி, புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டில் பழுது வந்தாலோ, அதற்காக ஊற்றும் ஆட்புளூ திரவம் தீர்ந்தாலோ, வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதாவது இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நிற்கும். அந்த ஐந்து நாளும் டியூ நிற்கவில்லை.

வண்டி திரும்பி வந்ததும் முதுநகரில் எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி அந்தப் பக்கத்து கனெக்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டினான். பின் மேலே பச்சை பூத்திருந்தது. "உப்புக் காத்துண்ணா. சென்சார் போச்சோ, இதாலதான் போச்சோ, யாருக்குத் தெரியும்?" என்றான். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கனெக்டர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து, ஸ்ப்ரே அடித்துத் துடைத்து மாட்டுகிறோம். அதற்கப்புறம் அந்தத் தொல்லை வரவில்லை. கடலோரத்தில் பிஎஸ்-6 வைத்திருக்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லும் ஒரு பராமரிப்பு வேலை இதுதான்.

பழுதைக் கண்டுபிடிக்கும் முறையே இரண்டுக்கும் வேறு. பழைய இன்ஜினில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்று சந்தேகம் வந்தால், இன்ஜின் ஓடும்போதே டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அதன் நாசிலை மட்டும் கழற்றிப் பம்ப் பட்டறையில் கொடுத்தால், 200 பார் சொச்சத்தில் வைத்துத் தெளிக்கும் அழகைப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுவார்கள். காதும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் போதும்.

அதே பழக்கத்தில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் (என் பிஎஸ்-6 அப்படித்தான்) யாரும் நட்டைத் தளர்த்திவிடக் கூடாது. அந்தக் குழாயில் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். கசியும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரிடும். பழைய வண்டியில் கைதேர்ந்த மேஸ்திரிகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் கை தானாகப் போகும். இன்ஜெக்டரை மாற்றினாலும் பல வண்டிகளில் அதன் மேலிருக்கும் கோட் (code) நம்பரை ஸ்கேனர் வைத்து ஈசிஎம்மில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) ஏற்றினால்தான் சரியாக ஓடும். ஸ்பேனர் வேலை முடிந்த பிறகும் வேலை முடியாது.

எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி போன வருடம் ஸ்கேனர் வாங்கிவிட்டான். பழுதைக் காட்டும் கோட் படிக்கிறான், சிலதை அழிக்கவும் செய்கிறான். உள்ளே எழுதுகிற வேலைக்கு மட்டும் கம்பெனி மென்பொருள் வேண்டியிருக்கிறது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அந்த உரிமை முழுதாக நடைமுறைக்கு வந்து இந்தப் பையன்கள் கைக்கு அந்த மென்பொருள் கிடைத்தால், நான் இங்கே எழுதியதில் பாதியை மாற்றி எழுதுவேன், சந்தோஷமாக.

வெள்ளம் பற்றியும் சொல்ல வேண்டும், கடலூர்க்காரன் அதை விட்டுவிட்டு லாரி பற்றி எழுத முடியாது. 2015 வெள்ளத்தில் பழைய வண்டி இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் போடவில்லை. ஆயில், கியர் ஆயில், ஹவுசிங் ஆயில் எல்லாவற்றையும் வடித்தோம். பால் மாதிரி வெளுத்து வந்தது. டீசல் ஊற்றி அலசி, செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் கழற்றி வெயிலில் காயவைத்தோம். நாலாம் நாள் வண்டி ஓடியது. ஓடிவிட்டால் அந்த இன்ஜினுக்குக் கரண்டே தேவையில்லை. நிறுத்துவதற்குக்கூட ஒரு கேபிளை இழுத்தால் போதும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, புது வண்டியை முதல் நாளே கேப்பர் மலைப் பக்கம் மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் இறக்கினேன். அதனால் தண்ணீரில் நின்ற பிஎஸ்-6 வண்டி என்ன ஆகும் என்று என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நிறுத்திப் பார்க்கத் துணியவில்லை, அவ்வளவுதான்.

இனி இன்ஜின் வேலை. இறக்கிப் பிரித்ததில் ஆறு லைனரும் தேய்ந்திருந்தன. லைனர், பிஸ்டன், ரிங் செட் புதுசு. கிராங்க்கை லேத்தில் கொடுத்து அரைத்து, அதற்கேற்ற அளவு பேரிங் போட்டோம். ஹெட்டை மட்டம் அடித்து வால்வு உட்கார வைத்தோம். பம்ப் தனியாகப் பட்டறைக்குப் போய் எலிமெண்ட் மாற்றி வந்தது. கிடைக்காத ஒரே சாமானுக்கு மட்டும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் வரை போனேன். மற்றதெல்லாம் கடலூரிலேயே. பன்னிரண்டு நாள், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். புது வண்டிக்கு நான் கட்டும் டியூவில் அது நான்கு மாதம்கூட வராது.

பழசின் குறையை மறைக்க விரும்பவில்லை. 2022 ஏப்ரலில் இருந்து 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிக்கும் கட்டணமே 12,500 ரூபாய் என்று ஆக்கினார்கள், அதுவும் வருடா வருடம். சாமானில் டூப்ளிகேட் மலிந்துவிட்டது. நல்ல ஆயில் சீல் எது என்று பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். எங்கள் பம்ப் பட்டறை மேஸ்திரிக்கு வயது எழுபதை நெருங்குகிறது, அவரிடம் தொழில் கற்க ஆள் இல்லை. அந்தக் கவலை எனக்கு நிஜமாகவே உண்டு. புகையும் அப்படித்தான். இன்ஜின் வேலை பார்ப்பதற்கு முன் பள்ளிக்கூட வாசலில் கரும்புகை விட்டுப் போனபோது பிள்ளைகள் மூக்கைப் பொத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தச் சென்சார்கள் எதற்காக வந்தன என்பதை நான் மறக்கவில்லை. வேலை பார்த்த பிறகு புகை வெகுவாகக் குறைந்தது, ஆனால் புதுசு அளவுக்குச் சுத்தமாக அது ஒருநாளும் ஆகாது.

இப்போது புதுசைத் தூரத்து லோடுக்கும் பழசை உள்ளூருக்கும் விட்டிருக்கிறேன். புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். துறைமுகத்துக்கும் சிப்காட்டுக்கும் நாலு தடவை போய் வரும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறாது. அந்த வேலையைப் பழசு அலுக்காமல் செய்கிறது. என் அனுபவம் ஒரே ஒரு பிஎஸ்-6 வண்டி, நாலு வருடம் சொச்சம். அதன் இன்ஜினை இன்னும் பிரித்ததில்லை.

ரிப்பேர் எளிமைக்காகப் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள், 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 கட்டாயமாவதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியாகப் பாருங்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து புகை அடிக்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் தெரியும். கடலோர வண்டியாக இருந்தால் அதற்கு முன்பே அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். புது பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் அழுத்தித் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் இன்ஜினைப் பற்றி விலை பேசலாம். பொத்தென்று கேட்டு, துரு உதிர்ந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.