யாழ்ப்பாணத்தில ஆறு மாதச் சினிமாப் படிப்பு: 85 ஆயிரத்துக்கு என்ன கிடைச்சது?

முதல்லயே சொல்லிவிடுறன், இடத்தின்ர பேரைப் போடப்போறதில்லை. அங்க படிப்பிச்ச அண்ணையில எனக்கு மரியாதை இருக்கு, ஒஃபீசில இருந்தவையில இல்லை. ரெண்டையும் ஒரு பேருக்குக் கீழ எழுதினா அடி அண்ணைக்குத்தான் விழும். படம் எடுக்கப் படிக்கோணும், எங்க போறது, போகத்தான் வேணுமோ எண்டு மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிற பெடி பெட்டையளுக்கு உதவட்டும் எண்டு எழுதுறன்.

எனக்கு 26 வயசு. ஏழு வருசமா கலியாண வீடு, சாமத்திய வீட்டு வீடியோ எடுக்கிறன். கொக்குவில்ல ஒரு ஸ்டூடியோவில ரெண்டாவது கமரா. ஏ.எல். கணிதப் பிரிவு, மூண்டு பாடமும் பாஸ், கம்பஸ் கிடைக்கேல்லை. போன வருசம் கனடாவில இருந்து வந்து நிண்ட சின்ன மாமா, நான் வெட்டின ஒரு சாமத்திய வீட்டு வீடியோவைப் பாத்துப்போட்டு, "உனக்குச் சினிமா வரும்போல கிடக்கு, சென்னையில போய்ப் படி, காசில பாதி நான் தாறன்" எண்டார். அம்மாவுக்கு அண்டிரவே காய்ச்சல். சென்னையில போய்க் காசைக் கொட்ட முதல் இஞ்ச ஒருக்கா சோதிச்சுப் பாப்பம் எண்டுதான் இதில சேந்தன்.

சனி ஞாயிறு வகுப்பு, ஆறு மாதம், 85,000 ரூபா. அதைவிடக் கமராவுக்கு எண்டு 10,000 கட்டுக்காசு, முடியத் திருப்பித் தருவினமாம். நோட்டீசில பெரிய சினிமாக் கமரா ஒண்டுக்குப் பின்னால ஒருத்தர் தொப்பியோட நிக்கிறார். அந்தக் கமராவையும் காணேல்லை, தொப்பிக்காரரையும் காணேல்லை. 18 பேருக்கு ரெண்டு சின்ன மிரர்லெஸ் கமரா, ஒரு முக்காலி, கமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பல் ஒண்டு, அதுவும் கைப்பிடி உடைஞ்சது. நான் வேலைக்குக் கொண்டு போறது அதைவிட நல்ல கமரா. மூண்டாம் கிழமையில இருந்து வகுப்புக்கு அதைத்தான் எடுத்தம். என்ர கமராவுக்கு நானே கட்டுக்காசு கட்டினன் எண்டு வையுங்கோவன்.

வகுப்பு மாடியில. கீழ கம்பி, சீமெந்துக் கடை. லொறியில இருந்து கம்பி இறக்கேக்க மேல ஒருத்தரும் கதைக்கேலாது. எந்தப் பாடம் எண்டாலும் நடுவில ஒரு பத்து நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கோணும்.

ஆனா படிப்பிச்ச அண்ணை விசயம் தெரிஞ்ச மனுசன். ரெண்டாம் நாளே என்ர மூக்கை உடைச்சார். மண்டபத்துக்குள்ள எடுக்கேக்க ரியூப் லைற் அலை அலையாத் துடிக்கிறது எனக்கு நெடுகப் பிரச்சினை. லைற்தான் பழுது எண்டு மண்டபக்காரரோட சண்டை பிடிச்சிருக்கிறன். அண்ணை என்ர கமராவை வாங்கிப் பாத்துப்போட்டு, "அமெரிக்காக்காரன்ர யூடியூப்பைப் பாத்து செக்கனுக்கு 30 ஃபிரேம், ஷட்டர் அறுபதில ஒரு செக்கன் எண்டு வைச்சிருக்கிறாய். லைற் துடிக்கிறது கறன்ற்றோட சேர்ந்து. அங்க கறன்ற் 60 ஹேர்ட்ஸ். இஞ்ச 50. நீ 25 ஃபிரேம், ஐம்பதில ஒண்டு வை தம்பி" எண்டார். வைச்சன், துடிப்பு நிண்டுது. ஏழு வருசச் சண்டை ஒரு நிமிசத்தில முடிஞ்சுது. அந்த மண்டபக்காரரை இப்ப கண்டா மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறன்.

எடிற்றிங் பரவாயில்லை. ஒரே காட்சியை ஆறு விதமா வெட்டச் சொன்னார், மூண்டுக்கு மேல எனக்கு ஓடேல்லை. திரைக்கதை வகுப்பு நித்திரை. அதை எடுத்தது வேற ஆள். இஞ்சத்தைச் சினிமாவைப் பற்றின ஒரு வகுப்பு மட்டும் மனசில நிக்குது: தர்மசேன பத்திராஜ எண்ட சிங்கள இயக்குநர் 70களில யாழ்ப்பாண வளாகத்தில படிப்பிச்சவராம், 1977இல வந்த பொன்மணி எண்ட தமிழ்ப்படம் அவற்றயாம். அண்டு வரைக்கும் எனக்கு அது தெரியாது. வகுப்பில இருந்த 18 பேரில ஒருத்தருக்கும் தெரியாது.

இனித்தான் முக்கியமான விசயம்.

கடைசி ரெண்டு மாதம் ஆறு ஆறு பேராப் பிரிஞ்சு ஒரு குறும்படம் எடுக்கோணும். எங்கட கதை லேசு: அப்பாச்சிக்குப் பேரன் போன் பாவிக்கப் பழக்கிறான், அவ்வளவுதான். கோண்டாவில்ல ஒரு பழைய வீடு. அப்பாச்சியா நடிச்சது எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு அம்மம்மா. நான் கமரா. மைக் தடியைப் பிடிக்க எங்களுக்குள்ளயே சின்னப் பெடியன் ஒருத்தனை விட்டம். அவன் ஒரு கையில தடி, மற்றக் கையில போன். பக்கத்துக் கோவிலில கொடியேறி மூண்டாம் நாள். அது எங்களுக்கு ஒரு பிரச்சினையாவே தெரியேல்லை. கோவில் சத்தம் இல்லாத ஊர் எங்க இருக்கு?

காலமை அப்பாச்சியின்ர ஷொட் எல்லாம் எடுத்தம். மத்தியானம் பூசை முடிஞ்ச பிறகு பேரன்ர ஷொட். படம் சும்மா வடிவா வந்திருந்துது. வெட்டிப் பாத்தா, அப்பாச்சி வாயைத் திறந்தா தவில், பேரன் வாயைத் திறந்தா மயான அமைதி. திரும்ப அப்பாச்சி, திரும்பத் தவில். ஏழு நிமிசப் படத்தில 43 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலயும் ஆரோ கோவில் கதவைத் திறந்து திறந்து பூட்டுற மாதிரி.

அண்ணை பேசுவார் எண்டு நினைச்சன். பேசேல்லை. திரையை நிப்பாட்டிப்போட்டுச் சத்தத்தை மட்டும் போட்டுவிட்டார். ஏழு நிமிசமும் இருட்டில இருந்து கேட்டம். முடிய, "ஹெட்ஃபோன் ஆர் போட்டிருந்தது?" எண்டு கேட்டார். ஒருத்தரும் போடேல்லை. ஹெட்ஃபோன் பையுக்குள்ளயே கிடந்தது.

"அறைச்சத்தம் எடுத்தனீங்களோ?" எண்டார் அடுத்ததா. அப்பிடியொண்டு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. எந்த இடத்தில எடுத்தாலும், எல்லாரும் அசையாமல் நிண்டு, அந்த இடத்தின்ர சும்மாச் சத்தத்தை ஒரு முப்பது செக்கனாவது எடுத்து வைக்கோணும், வெட்டுக்கு வெட்டு விழுகிற ஓட்டையை அடைக்கிறது அதுதான் எண்டு விளங்கப்படுத்தினார். நாலு நாளால திரும்பப் போய், ஆறு பேரும் சிலை மாதிரி நிண்டம். ஹெட்ஃபோன் என்ர காதில. முதல் பத்துச் செக்கனுக்கு ஒண்டும் இல்லை. பிறகு ஒவ்வொண்டா வருது. குசினியில பிரிட்ஜ். சுவர் மணிக்கூடு. பின்வளவில தகர வேலி வெயிலுக்கு நெட்டி முறிக்குது. ரெண்டு வீடு தள்ளி ஆரோ கிணத்து மோட்டரைப் போடுகினம். இருபத்தஞ்சாம் செக்கனில கோவில் ஸ்பீக்கர்: "ஹலோ, மைக் ரெஸ்ற், வண், ரூ, த்ரீ."

அறைச்சத்தம் கடைசியில கிடைச்சுது. ஆனா தவிலைக் கழுவி எடுக்கேலாது. அப்பாச்சியின்ர கதையைத் திரும்பப் பேச வைச்சுத்தான் சேர்க்கோணும். எங்கட வீட்டு அலுமாரிக் கதவு ரெண்டையும் திறந்து, அம்மான்ர சீலையளுக்கு நடுவில மைக்கை வைச்சு, மேலால பெட்சீற் போட்டு ஒரு டப்பிங் தியேட்டர். அம்மம்மாவைக் கதிரையில இருத்தி, திரையில வாய் அசைவைக் காட்டி, அண்டைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ எண்டன். ஒவ்வொரு தரமும் வேற வேற மாதிரிச் சொல்லுறா. எனக்குப் பொறுமை போகப்போற நேரம் பாத்து, "அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு எனக்கெப்பிடித் தெரியும் மோனை? அது அண்டைக்கு வந்தது" எண்டா. நியாயமான கதைதானே. பாதிதான் பொருந்திச்சு, மீதி இடத்தில தவிலோட விட்டம்.

அதுக்குப் பிறகு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில வீட்டை வரேக்கதான் யோசிச்சன். ஏழு வருசத்தில நான் ஒரு நாளும் ஹெட்ஃபோன் போட்டு வேலை செய்யேல்லை. தேவையும் வரேல்லை. சாமத்திய வீட்டு வீடியோவில எடுத்த சத்தம் முழுக்கத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் பாட்டுத்தானே போடுறது. ஐயர் மந்திரம் சொல்லேக்க ஒரு பாட்டு, தோழிப் பிள்ளையள் தட்டோட வரேக்க இன்னொரு பாட்டு. யாழ்ப்பாணத்தில கமராக்காரருக்குப் பஞ்சமில்லை, ட்ரோன் இல்லாத ஸ்டூடியோ இல்லை. காது வைச்சு வேலை செய்யிற ஆள் எண்டு எனக்குத் தெரிய ஒருத்தர் இல்லை. குறும்படம் எடுக்கிற பெடியள் எல்லாருமே இயக்குநர். மைக் பிடிக்கிறது ஆர் எண்டு கேட்டா எல்லாரும் கடைசியா வந்தவனைக் காட்டுவினம்.

சான்றிதழ் விழாவைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். மண்டபம், மங்கள விளக்கு, பொன்னாடை. ரெண்டு மணித்தியாலம் பேச்சு. எங்கட மூண்டு படத்தையும் கடைசி இருபது நிமிசத்தில போட்டவை, எங்கட படம் பாதியில நிண்டுது, சாப்பாட்டு நேரமாம். அப்பாச்சியா நடிச்ச அம்மம்மா முன் வரிசையில இருந்தவ. தன்ர கடைசிக் காட்சியை அவ இன்னும் பெரிய திரையில பாக்கேல்லை. கட்டுக்காசு 10,000 நாலு மாதமா "அடுத்த கிழமை" தான். ஃபிரேம் போட்ட சான்றிதழுக்கு வேற 1,500 கேட்டவை. நான் ஃபிரேம் இல்லாமலே வாங்கினன்.

விழா முடிய மாமாவின்ர காசில ஒரு கிழமை சென்னைக்குப் போய்ப் பாத்தன். பலாலியில பிளேன் ஏறினா ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள சென்னை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில போறதை நினைச்சா சிரிப்பு வருது.

போக முதல் அண்ணையோட கனக்கக் கதைச்சன். அவர் சொன்னது எனக்குச் சரியாப் பட்டுது: படிக்கப் போறதோ இல்லையோ எண்டு கேக்காத, எந்தப் பகுதிக்கு எண்டு கேள். மணிரத்னம் ஒரு சினிமாப் பள்ளிக்கும் போகேல்லை, மனுசன் படிச்சது முகாமைத்துவம். ஆனா பி.சி.ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரியில ஒளிப்பதிவு படிச்சு வந்தவர். எங்கட மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த பாலு மகேந்திரா புனேத் திரைப்பட இன்ஸ்ரிரியூற்றில ஒளிப்பதிவு படிச்சவர். 2009இல சத்தத்துக்கு ஒஸ்கார் எடுத்த ரசூல் பூக்குட்டியும் புனேதான். கருவியும் அளவும் இருக்கிற வேலைக்கு, அதுகளைக் கையில தந்து, பிழை விட விட்டு, பக்கத்தில நிண்டு திருத்த ஒரு ஆள் வேணும். கதை சொல்லுறதுக்கு அலுமாரியும் அம்மம்மாவும் காணும். (கடைசி வசனம் அண்ணை சொன்னதில்லை, நான் சேர்த்தது.)

புனே இன்ஸ்ரிரியூற் 1960இல பிரபாத் ஸ்டூடியோ வளவில தொடங்கினது. எல்லாரும் கனவு காணுற இடம். ஒலிப்பதிவுக்குப் போறதெண்டா ஏ.எல். அளவில பௌதிகவியலும் வேணும், ஏதாவது ஒரு டிகிரியும் வேணும். பௌதிகவியல் என்னட்ட இருக்கு, டிகிரி இல்லை. அதோட அந்தக் கதவு சாத்தியாச்சு. கம்பஸ் முடிச்ச ஆக்கள் சும்மா இருக்காமல் அதைப் பாருங்கோ, ஏ.எல்.இல பௌதிகவியல் செய்தவைக்கு உது நல்ல வழி. சென்னைத் தரமணியில அரசாங்கத் திரைப்படக் கல்லூரி வாசல் வரைக்கும் போய்ப் பாத்தன். நாலு வருசப் படிப்பு. 30 வயசு வரைக்கும் அம்மாவைக் காத்திருக்கச் சொல்லேலாது.

கடைசியா ஒரு தனியார் பள்ளி. உள்ளுக்குப் போக முதலே வரவேற்பில இருந்த பிள்ளை, "டைரக்‌ஷனா சார்?" எண்டு கேட்டு ஃபோமை நீட்டினா. சவுண்ட் எண்டன். அந்த ஃபோமைத் தேடி எடுக்க அவவுக்கு அஞ்சு நிமிசம் சென்றது. டைரக்‌ஷனுக்கு வகுப்பு நிரம்பி வழியுது, சவுண்டுக்கு அந்த வருசம் நாலு பேர். நாலு பேருக்கு ஒரு மிக்சிங் அறை! அதுக்குள்ள இருந்த வாத்தியார் என்னைவிட ரெண்டு மூண்டு வயசுதான் மூப்பு. பென் ட்ரைவில கொண்டு போன எங்கட படத்தைப் போட்டுக் காட்டினன். முதல் தவில் வந்த உடனே சிரிச்சார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்போட்டு, "மைக்கை எவ்ளோ தூரத்துல வெச்சீங்க?" எண்டார். ஒரு ஆறடி வரும் எண்டன். "ரெண்டடிக்குக் கொண்டு வந்திருந்தா தவில் பாதி அடங்கியிருக்குமே சார்." பாட்டியின்ர குரல் மைக்குக்குக் கிட்ட வரவர, கோவில் சத்தம் அதுக்குப் பின்னால போயிடுமாம். மைக்கைக் கிட்டக் கொண்டு போனா ஃபிரேமுக்குள்ள தெரியும் எண்டு பெடியனைத் தூரத்தில நிக்கச் சொன்னதே நான்தான்.

இலங்கைக் காசில, படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கூட்டினா ஒரு வருசத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுது. லேசில்லை. டைரக்‌ஷனுக்கு எண்டா ஒரு சதமும் குடுக்கமாட்டன். சவுண்டுக்குக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். ஸ்டுடன்ற் விசாவுக்கான கடுதாசி வேலை ஓடிக்கொண்டிருக்கு.

இஞ்சத்தைப் படிப்புக்குப் புள்ளி கேட்டா, அஞ்சுக்கு மூண்டு. ரெண்டரை அண்ணைக்கு. அரை, இருட்டில இருந்து எங்கட படத்தைக் கேட்ட அந்த ஏழு நிமிசத்துக்கு. ஒரு கமராவும் தொட்டுப் பாக்காத ஆள் எண்டா போகலாம், அண்ணை இன்னும் அங்கதான் படிப்பிக்கிறாரோ எண்டு கேட்டுப்போட்டுப் போங்கோ. நோட்டீசில இருக்கிற கமராவை மேசையில கொண்டு வந்து வைக்கச் சொல்லிப்போட்டுக் காசைக் கட்டுங்கோ. கட்டுக்காசுக்குத் திகதி போட்ட ரசீது வாங்குங்கோ. ஏற்கெனவே என்னை மாதிரி வீடியோ வேலை செய்யிற ஆக்களுக்கு முதல் மூண்டு மாதம் வீண்.

மாமாவின்ர பாதி போக மிச்சத்தின்ர ஒரு பங்குக்காகப் போன கிழமை என்ர ட்ரோனை வித்துப்போட்டன். முதலாளிக்குச் சரியான கொதி. "ட்ரோன் இல்லாமல் உன்னை ஆரடா சாமத்திய வீட்டுக்குக் கூப்பிடப்போகினம்? அங்க போய்ச் சத்தம் கேக்கப் படிச்சுக்கொண்டு வந்து, இஞ்ச என்னத்தைக் கேக்கப்போறாய்?"